மாரடைப்புக்குப் பின் மூலிகை: தட்டில் இருக்கட்டும், மாத்திரையின் இடத்தில் வேண்டாம்

மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் பொருத்தி வீடு திரும்பியவரைத் தேடி வரும் அறிவுரைகளில் ஒன்று தவறுவதே இல்லை. பூண்டுச் சாறு, இஞ்சிச் சாறு, எலுமிச்சைச் சாறு, ஆப்பிள் சைடர் வினிகர் தலா ஒரு கப். நான்கு கப் மூன்றாக வற்றும்வரை சிறு தீயில் காய்ச்சி, ஆறியதும் மூன்று கப் தேன் கலக்க வேண்டும். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு கரண்டி குடித்தால் அடைப்பு கரைந்துவிடுமாம். ஜோகூர் பாருவிலிருந்து சிகாமட் வரை தமிழர் வாட்ஸ்அப் குழுக்களில் இந்தக் குறிப்பு வருடக்கணக்காகச் சுற்றுகிறது. கணக்குப் போட்டால் அந்தக் கரண்டியில் பாதி தேன். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. அத்தகையோருக்கு இது தினமும் அரைக் கரண்டித் தேனின் சர்க்கரைதான். ஆனால் என் கவலை தேனைப் பற்றியதன்று. இனி மாத்திரை தேவையில்லை என்று குறிப்பின் கடைசியில் ஒட்டிக்கொண்டு வரும் வரிதான் ஆளைக் கொல்லக் கூடியது.

மாரடைப்பில் இறந்த இதயத் தசை மீண்டும் வளர்வதில்லை, அங்கே தழும்புதான் உருவாகிறது. மருத்துவமனையிலிருந்து கொண்டுவரும் மாத்திரைகளின் வேலை மிஞ்சிய தசையைக் காப்பது, அடுத்த அடைப்பைத் தடுப்பது. புதிய ஸ்டென்டின் கம்பி வலைமேல் உடலின் சொந்தச் சவ்வு படர மாதங்கள் ஆகும். அதுவரை அங்கே ரத்தம் உறையாமல் காப்பவை ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெல் போன்ற துணை மாத்திரையும். பொதுவாக ஓராண்டுக்கு இரண்டையும் சேர்த்து எடுக்கச் சொல்வது இதனால்தான். இந்த மாத்திரைகளின் பலனும் வெறும் நம்பிக்கையில் நிற்பதன்று. 1988-இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில், மாரடைப்பு வந்த 17,187 பேரில் ஆஸ்பிரின் எடுத்தவர்களிடையே ஐந்து வாரங்களில் இதய, ரத்தநாள இறப்பு ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. 1994-இல், 4,444 இதய நோயாளிகளை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கவனித்த ஸ்காண்டிநேவிய ஆய்வு, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் மொத்த இறப்பையே 30 விழுக்காடு குறைத்ததைக் காட்டியது.

மூலிகையின் பக்கம் என்ன இருக்கிறது? ஒன்றுமே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. ராஜஸ்தானின் உதய்ப்பூரில் மாரடைப்பிலிருந்து மீண்ட 432 பேரிடம் மூன்று ஆண்டுகள் பூண்டு எண்ணெயைச் சோதித்தார்கள். இறப்பும் மறு மாரடைப்பும் குறைந்ததாக 1989-இல் அறிவித்தார்கள். ஆர்வத்தைத் தூண்டும் முடிவுதான். ஆனால் அது சிறிய ஆய்வு, பின்னர் பெரிய அளவில் யாரும் அதை உறுதிப்படுத்தவில்லை. 2007-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 192 பேருக்குப் பச்சைப் பூண்டும் பூண்டு மாத்திரைகளும் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தது. கெட்ட கொலஸ்ட்ரால் அசையவில்லை. 2022-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் பூண்டு, மஞ்சள், லவங்கப்பட்டை, மீன் எண்ணெய் உள்ளிட்ட ஆறு வகைச் சத்து மாத்திரைகளை ஸ்டாட்டின் வகை மாத்திரையான 5 மில்லிகிராம் ரோசுவாஸ்டாட்டினோடு ஒப்பிட்டது. 28 நாளில் ரோசுவாஸ்டாட்டின் கெட்ட கொலஸ்ட்ராலை ஏறத்தாழ 38 விழுக்காடு குறைத்தது. மற்ற ஆறும் வெற்று மாத்திரையைத் தாண்டவில்லை. நம் மரபில் இதயத்துக்கென்றே பேர்போன மருதம்பட்டையும் இந்தியாவில் இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் முறையாகச் சோதிக்கப்பட்டது. 12 வாரம் அதன் சாற்றை எடுத்தும் இதயம் ரத்தத்தை வெளித்தள்ளும் திறன் கூடவில்லை.

மருந்தே செடியிலிருந்துதானே வந்தது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆஸ்பிரினின் மூதாதை வில்லோ மரப்பட்டை. சர்ப்பகந்தி வேர் ரத்தக் கொதிப்பைக் குறைப்பதை 1949-இல் உலக மருத்துவத்துக்கு எடுத்துக்காட்டியவர் மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல். ஆனால் அந்த வேர் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, அளவு குறிக்கப்பட்ட பிறகுதான் மருந்தானது. சீனர்கள் அண்மையில் அதே வழியில் போனார்கள். தோங்சின்லுவோ என்னும் பாரம்பரிய மருந்தை, மாரடைப்பு வந்த ஏறத்தாழ 3,800 பேரிடம் 124 மருத்துவமனைகளில் சோதித்து 2023-இல் முடிவை வெளியிட்டார்கள். முதல் 30 நாளில் இறப்பும் பெரும் பாதிப்புகளும் 5.2 விழுக்காட்டிலிருந்து 3.4 ஆகக் குறைந்தன. மூலிகையை நம்புவோர் இந்த ஆய்வைத் தாராளமாக மேற்கோள் காட்டலாம், ஒன்றை மட்டும் மறைக்காமல்: அந்த மருந்தை எடுத்த நோயாளிகள் எல்லோரும் வழக்கமான இதய சிகிச்சையோடு கூடுதலாகத்தான் அதை எடுத்தார்கள், சிகிச்சைக்குப் பதிலாக அல்ல.

மருந்துக் கம்பெனிகள் பணம் கொடுத்து நடத்தும் ஆய்வுகளை எப்படி நம்புவது என்பது அடுத்த கேள்வி. கிளீவ்லாந்து ஆய்வுக்கு நிதி தந்ததே ரோசுவாஸ்டாட்டினைச் சந்தைக்குக் கொண்டுவந்த கம்பெனிதான். ஸ்டாட்டின் மாத்திரைகளுக்குப் பல நாடுகளில், பல கரங்கள் செய்த சோதனைகளின் துணை இருப்பதால்தான் அந்த ஒற்றை ஆய்வைத் தள்ளிவிட்டாலும் முடிவு மாறவில்லை. அவற்றின் காப்புரிமைகளும் காலாவதியாகிவிட்டன, அரசு மருத்துவமனையில் ஐந்து ரிங்கிட் கட்டணத்துக்குள் மாத்திரையும் சேர்ந்தே கிடைக்கிறது. லாபம் தேடுபவரை அடையாளம் காண வேண்டுமென்றால், நூறு ரிங்கிட்டுக்கு மூலிகை டப்பா விற்பவரையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும். உடம்பு வலிக்கிறது என்று ஸ்டாட்டினை நிறுத்துவோரும் உண்டு. அந்த வலி பொய்யன்று. ஆனால் அப்படி நிறுத்திய 60 பேரிடம் லண்டனில் நடந்த ஆய்வில், வெற்று மாத்திரை எடுத்த மாதங்களிலும் ஏறத்தாழ அதே தொல்லை இருந்தது. வலி வந்தால் மருத்துவரிடம் சொல்லி வேறு மாத்திரைக்கோ குறைந்த அளவுக்கோ மாறலாம்.

இயற்கைப் பொருள் கெடுதல் செய்யாது என்ற நம்பிக்கை இதய நோயாளிக்கு மிக ஆபத்தானது. தொண்டைக்கு இதமான அதிமதுரம் தொடர்ந்து எடுத்தால் ரத்தக் கொதிப்பை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர் ஒரு வாரம் முருங்கைக்கீரையை அள்ளிச் சாப்பிட்டு மறு வாரம் விட்டுவிட்டால், ரத்தம் உறையும் அளவு தாறுமாறாகும். இதைவிடப் பயங்கரமானது, ஜாமு என்றும் ஆண்மைக் காபி என்றும் விற்கப்படும் பொட்டலங்களில் ஆண்மைக் குறைவுக்குக் கொடுக்கும் சில்டெனாஃபில் மருந்து ஒளிந்திருப்பது. மலேசியச் சுகாதார அமைச்சு இப்படிப்பட்ட கலப்படங்களைத் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் ஜி.டி.என். மாத்திரை வைப்பவர் அந்தக் காபியைக் குடித்திருந்தால், ரத்த அழுத்தம் ஒரேயடியாகச் சரிந்து உயிரே போகலாம். டப்பாவில் 'எம்.ஏ.எல்.' பதிவு எண் இருக்கிறதா என்று பார்ப்பது குறைந்தபட்சக் காவல். ஆனால் அந்த எண்ணின் கடைசியில் 'டி' (T) இருந்தால் பாரம்பரியப் பொருளாகப் பதிவானது என்றுதான் பொருள், இதய நோயைக் குணப்படுத்தும் என்று அரசு சான்று தந்ததாகப் பொருளில்லை.

மூலிகைக்கு உண்மையான வேலை சமையலில் இருக்கிறது, அது சின்ன வேலையும் அல்ல. மலேசியப் பெரியவர் ஒருவர் சராசரியாக நாளுக்கு 7.9 கிராம் உப்பு எடுக்கிறார், உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 5 கிராம். கருவாடும் அப்பளமும் ஊறுகாயும் கீச்சாப்பும் குறைய வேண்டுமென்றால், வாய்க்கு ருசி வேறு எங்கிருந்தாவது வர வேண்டும். பூண்டு, இஞ்சி, மிளகு, கறிவேப்பிலை, கொத்தமல்லி, எலுமிச்சை இவை உப்பின் இடத்தை நிரப்பக் கூடியவை. பாசாரில் பெகாகா என்று கேட்டு வாங்கும் வல்லாரையும் உலாம் ராஜாவும் வெள்ளைச் சோற்றில் ஒரு பங்கைக் குறைத்துத் தட்டை நிரப்பும். பிரான்சின் லியோன் நகரில் முதல் மாரடைப்பிலிருந்து மீண்ட 605 பேரிடம் நடந்த ஆய்வில், காய்கறி, பழம், மீன், நல்ல எண்ணெய் கொண்ட உணவுக்கு மாறியவர்களிடம் மறு மாரடைப்பு பெரிதும் குறைந்தது. எந்த ஒரு மூலிகையும் தனியாகச் செய்த காரியம் அல்ல அது, முழுத் தட்டும் மாறியதன் பலன்.

மூலிகையும் மாத்திரையும் மோதாமல் பார்த்துக்கொள்வதில் மருத்துவமனைகளுக்கும் பொறுப்பு உண்டு. வீட்டில் என்ன கஷாயம் குடிக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டாலும், சொன்னால் திட்டுவாரோ என்ற பயத்தில் நம் பெரியவர்கள் வாய் திறப்பதில்லை. ஜோகூர் பாரு சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையில் பாரம்பரிய, துணை மருத்துவப் பிரிவே இயங்குகிறது, எனவே இந்தப் பேச்சு அரசு மருத்துவத்துக்குப் புதிதன்று. அரசு மருத்துவமனை மருந்தாளர்கள் மாத்திரை ஒழுங்கைக் கவனிக்கத் தனி கிளினிக் நடத்துகிறார்கள். அங்கே கஷாயப் பொடியையும் ஜாமு பொட்டலத்தையும் மாத்திரையோடு மேசைமேல் வைக்கச் சொல்ல வேண்டும், அந்தக் கேள்வியைத் தமிழில் கேட்க வேண்டும். வீட்டார் அடுத்த அப்பாய்ண்ட்மென்ட் வரை காத்திராமல், இந்த வாரமே அவற்றையெல்லாம் ஒரு பையில் போட்டு மருந்தாளரிடம் எடுத்துப் போகலாம்.