பழைய கான்டஸா: பளபளப்பைக் கண்டு மயங்கலாமா?

காளிகாட் வட்டாரத்தில் வாழும் நம்மவர் சிலருக்குப் பழைய கான்டஸா கார் மீது ஆசை உண்டு. ஹூக்ளிக் கரையிலுள்ள உத்தரபாராவில் 1984 முதல் 2002 வரை இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த வண்டி அது. தரகர் அதை 'ஸ்போர்ட்ஸ் கார்' என்பார். ஆனால் ஆரம்பகால வண்டிகளில் இருந்தது அம்பாஸடரின் எஞ்சின்தான். அந்தப் பெரிய உடலை இழுக்க அது திணறியது. பின்னர் வந்த 1.8 லிட்டர் இசுசு எஞ்சின் வண்டியே வாங்கத் தக்கது.

எஞ்சின் கோளாறை மெக்கானிக் சரிசெய்து விடுவார், துரு அப்படியன்று. மழைநீர் தேங்கும் இந்நகரில், உள்ளே விரிப்பைத் தூக்கித் தரைத்தகட்டை அழுத்திப் பார்க்க வேண்டும். புதுப் பெயிண்ட் துருவுக்குப் போட்ட போர்வையாகவும் இருக்கலாம். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள். ஆயில் மூடியின் உட்புறம் பால்போல் படிந்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கக் கூடும். சேஸிஸ், எஞ்சின் எண்களை ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடுவதும் அவசியம்.

20 ஆண்டு கடந்த கார்களின் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணம் 2025-இல் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. சொஸைட்டிக் கடனில் வண்டி வாங்கும் குமாஸ்தாவுக்கு இது சிறு தொகையன்று. ஆகவே, மெக்கானிக்குக் கூலி கொடுத்து வண்டியின் அடிப்பாகத்தைச் சோதித்த பின்னரே முன்பணம் கொடுப்பது நலம்.