முராய்க்கும் ஒரு பிடி



விடிவதற்கு முன், பெரட்டுக்குப் புறப்படும் நேரத்தில், லயத்துக் கூரை முகட்டில் வாலைத் தூக்கிக்கொண்டு ஒரு பறவை பாடுமே, பார்த்திருக்கிறீர்களா? முதுகு கறுப்பு, வயிற்றிலும் இறக்கையிலும் வெள்ளை. மலாய்க்காரர்கள் முராய் கம்போங் என்பார்கள். தமிழில் குண்டுக்கரிச்சான் என்று பெயர். ஆண் பளபளக்கும் கறுப்பு, பெண் சாம்பல் நிறம். இந்த மாதம் இதன் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவோம்.

அமெரிக்காவில் நீலப்பறவை என்று ஒன்று உண்டு. பனிக்காலத்தில் தரை உறைந்து பூச்சிகள் மறைந்துவிடும். அப்போது பலர் வீட்டுப் பின்புறத்தில் கிண்ணம் வைத்து அதற்கு மாவுப் புழு போடுகிறார்கள். சிட்டுக்குருவியும், மைனா இனத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங்கும் மரப்பொந்துகளைப் பிடித்துக்கொண்டதால் நீலப்பறவை அருகி வந்தது. அதைக் காக்க 1978-ஆம் ஆண்டில் லாரன்ஸ் செலனி என்பவர் ஒரு சங்கமே தொடங்கினார். மக்கள் வேலியோரத்தில் மரப்பெட்டிகள் வைத்தார்கள். பறவை மறுபடி பெருகியது.

"நமக்குப் பனி ஏது, வாத்தியாரே?" என்று கேட்பீர்கள். பால்மரம் இலை கொட்டும் காலம் இருக்கிறதே! ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் வரை பால் குறையும். மரம் வெட்டுகிறவர் சம்பளமும் குறையும். கெடாவில் அதுவே வறண்ட காலம். மண் இறுகிப்போய் மண்புழு ஆழத்துக்கு இறங்கிவிடும். முராயோ தரையில் தத்தித் தத்திப் பூச்சி, புழு பொறுக்கும் பறவை. அது கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பதும் பெரும்பாலும் ஆண்டின் முதல் பாதியில்தான்.

அந்த நாட்களில் கொஞ்சம் உதவலாம். பறவைக் கடையில் 'ஊலாட் ரொட்டி' என்று கேளுங்கள். புழுவா என்று முகம் சுளிக்காதீர்கள். மாவிலும் தவிட்டிலும் வளரும் ஒரு வண்டின் புழுதான் அது. ஓட்ஸ் அல்லது தவிடு நிரப்பிய பிளாஸ்டிக் டப்பாவில், காற்றுப் போக மூடியில் துளையிட்டு, நிழலில் வையுங்கள். ஈரத்துக்கு ஒரு துண்டு கேரட் போதும். எறும்பு அண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலையில் ஒரே நேரத்தில், பூனை பதுங்க இடமில்லாத திறந்த இடத்தில், வழுவழுப்பான கிண்ணத்தில் பத்துப் புழுக்கள் வையுங்கள். அதற்குமேல் வேண்டாம். இந்தப் புழுவில் சுண்ணாம்புச் சத்து குறைவு. அதனால் முட்டை ஓட்டைக் காயவைத்துப் பொடித்து அதன்மேல் தூவுங்கள். குஞ்சின் எலும்புக்கு நல்லது.

பையன்களுக்கு ஒரு சொல். சிலர் கூட்டிலிருந்து குஞ்சை எடுத்துவந்து சோறும் ரொட்டியும் ஊட்டுகிறார்கள். பூச்சி தின்று வளரவேண்டிய குஞ்சு அதில் பிழைக்காது. கீழே விழுந்த குஞ்சைக் கண்டால் கூட்டிலேயே திரும்ப வையுங்கள். மனிதக் கை பட்டது என்பதற்காகத் தாய் அதை ஒதுக்கிவிடாது.

சிங்கப்பூரில் ஒரு காலத்தில் எங்கும் பாடிய இதே முராய், 1970களில் காண்பதற்கே அரிதாகிவிட்டது. பாட்டுக்காகப் பிடித்துக் கூண்டில் அடைத்தார்கள். மைனாக்கள் பெருகி இடத்தைப் பிடித்துக்கொண்டன. பிறகு 1980களில் பறவைகளைக் கொண்டுவந்து விடவேண்டியதாயிற்று. இதன் உறவான முராய் பத்துவை வளர்க்க, 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பெர்ஹிலித்தானின் உரிமம் வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கடைப்புழு வாங்கக் காசில்லையா? கவலை வேண்டாம். பத்துப் புழு பறவைக்குப் பலகாரம் மாதிரி. அதன் சோறு மண்ணில்தான் இருக்கிறது. வீட்டுப் பின்புறம் வரைக்கும் புல் மருந்து அடித்து, சருகையெல்லாம் கூட்டிக் கொளுத்திவிட்டால், கிண்ணத்தில் எத்தனை புழு வைத்தும் பயனில்லை. வாழையடியில் நாலு முழ நிலத்தை மருந்தில்லாமல், சருகோடு விடுங்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரை விடாமல், நல்ல தண்ணீராக ஒரு வாளி அங்கே ஊற்றுங்கள். மண் நனைந்தால் புழு மேலே வரும். முராய் தானே தேடி வரும்.

சம்பளம் குறைந்த மாதத்திலும் இதற்குச் செலவில்லை. செய்து பாருங்கள்.