உளியின் கூலி

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கதவுகள் இறுகிக்கொள்வதும் தாழ்ப்பாள்கள் துளையில் பொருந்தாமல் விலகுவதும் தமிழ்நாட்டு வீடுகளில் ஆண்டுதோறும் நிகழ்பவை. உடனே ஒருவரை அழைத்துக் கதவின் விளிம்பை இழைத்துவிடச் சொல்வது வழக்கம். வருபவர் அனுபவமற்றவராயின் கதவு அன்றைக்கு எளிதாகச் சாத்தும். சித்திரை வெயிலில் அதே கதவுக்கும் நிலைக்கும் இடையே விரல் நுழையும். தொழில் அறிந்த தச்சர் முதலில் கீல்களைப் பார்ப்பார். திருகாணி தளர்ந்து கதவு தொங்கியிருக்கிறதா என்று ஆராய்வார். மரம் ஈரத்தால் உப்பியிருப்பது உறுதியானால், வேண்டிய அளவு மட்டும் சீவிவிட்டு எஞ்சியதைத் தை மாத வெயிலின் பொறுப்பில் விட்டுவிடுவார். குறைவாகச் சீவியதற்காகக் கூலியைக் குறைக்க முற்படும் வீட்டுக்காரரும் உண்டு. எதைச் செய்யக்கூடாது என்று அறிந்திருப்பதற்கும் சேர்த்தே கூலி என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

மரம் வெட்டப்பட்ட பின்னும் காற்றின் ஈரத்தை உள்வாங்கி விரிகிறது, வறட்சியில் சுருங்குகிறது. இம்மாற்றம் நீளவாக்கில் மிகக் குறைவு, அகலவாக்கில் மிகுதி. பழைய கதவுகள் இவ்வுண்மையை அறிந்தே செய்யப்பட்டன. நான்கு புறச் சட்டங்களையும் கழுந்தும் துளையுமாகப் பொருத்தி, மரமுளை அடித்து இறுக்குவர். நடுப்பலகையையோ ஆணியும் பசையும் இன்றிச் சட்டத்தின் காடிக்குள் செருகி வைப்பர். மழையில் பலகை காடிக்குள்ளேயே விரியும், வெயிலில் அதனுள்ளேயே ஒடுங்கும், கதவு வெடிக்காது. செட்டிநாட்டு வீடுகளுக்குப் பர்மாத் தேக்கில் செய்யப்பட்ட கதவுகள் பல தலைமுறைகளுக்குப் பின்னும் கழற்றப்பட்டு, காரைக்குடியின் பழம்பொருள் கடைகள் வழியே வேறு வீடுகளுக்குச் செல்கின்றன. மரத்தின் தரம் அதற்கு ஒரு காரணம்; பிரித்துப் பூட்டத்தக்க இணைப்பு மற்றொரு காரணம்.

இன்று கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் அலமாரிகளையும் மேசைகளையும் இகழ்வது எளிது, அது நியாயமன்று. வாடகை வீட்டில் வாழ்வோர்க்கும் அடிக்கடி ஊர் மாறுவோர்க்கும் அவை பேருதவி. விலை முன்பே தெரிகிறது. பொருள் சொன்ன நாளில் வந்து சேர்கிறது. ஆயினும் அவற்றுள் பல, மரத்துகளைப் பசையிட்டு அழுத்திச் செய்த பலகையால் ஆனவை. விளிம்பு வழியே நீர் புகுந்தால் அப்பலகை பொருமிவிடும். பொருமியது மீண்டும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. கீலின் திருகாணி ஒருமுறை பிய்ந்துவிட்டால் அதே துளை மீண்டும் ஆணியைப் பற்றாது. மரக்கதவில் அதே பழுது நேர்ந்தால் துளைக்குள் ஒரு மரக்குச்சியைப் பசையுடன் அறைந்து, புதிதாகத் துளையிட்டு, அரைமணி நேரத்தில் தச்சர் சரிசெய்துவிடுவார். வாங்கும்போது மலிவான பொருள், பழுதுபார்க்க இயலாமையால் மீண்டும் வாங்கும் பொருளாகிவிடுகிறது.

இவ்வளவு இருந்தும் ஊர்த் தச்சரை அழைக்க மக்கள் தயங்குகின்றனர். முன்பணம் பெற்றபின் வருவதில்லை, பாதியில் நிறுத்திவிட்டு வேறு வீட்டுக்குச் சென்றுவிடுகிறார், முதலில் சொன்ன தொகை முடிவில் கூடிவிடுகிறது என்பன வழக்கமான குறைகள். இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் வேலையின் இடையே, "இன்னும் ஒரு தட்டு சேர்த்துவிடுங்கள், அந்தச் சன்னலையும் பார்த்துவிடுங்கள்" என்று சொல்லிக்கொண்டே போகும் வீட்டார், அதற்கான நாளையும் பொருளையும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு வீட்டின் கூலி நிலுவையில் இருக்கும்போது அடுத்த வீட்டின் முன்பணத்தைக் கொண்டே அந்த வாரத்தை ஓட்ட வேண்டிய நிலையில் தச்சர் இருக்கிறார். சொன்ன நாளில் வராமைக்கு இதுவும் காரணம்.

வாய்மொழிப் பேச்சே இருதரப்புக்கும் இடர். ஒரு தாளில் எழுதிக்கொள்வதால் எவருடைய மதிப்பும் குறைந்துவிடாது. மரம் தேக்கா, வேம்பா, பலாவா. அதை வாங்கித் தருபவர் யார். கூலி நாட்கணக்கா, மொத்தத் தொகையா. பணம் எந்தெந்தக் கட்டத்தில் தரப்படும் என்பன அதில் இருக்க வேண்டும். ஒட்டுப்பலகை என்றால், பொதுப் பயன்பாட்டுக்கு உரிய இந்தியத் தர எண் 303ஆ, நீரைத் தாங்கும் 710ஆ என்பதையும் குறிப்பது நன்று. சமையலறைத் தொட்டியின் கீழ் அமையும் பலகைக்கு இந்த வேறுபாடு பெரிது. அறுப்பிலும் இழைப்பிலும் மரத்தின் ஒரு பகுதி தூளாகவும் சுருளாகவும் கழியும். கன அடிக் கணக்கில் வாங்கிய மரம் முழுவதும் அலமாரியில் தெரியவில்லையே என்று ஐயுறுவோர் இதை முன்பே கேட்டறிந்தால் பாதிப் பூசல் எழாது.

இன்னொன்றும் உண்டு. பலகைக்கும் கைப்பிடிக்கும் கடையில் சொன்ன விலையைத் தரும் அதே வீட்டார், கூலியில் மட்டும் பேரம் பேசுகின்றனர். பொருளின் விலை மாறாதது, உழைப்பின் விலை குறைக்கத்தக்கது என்னும் எண்ணமே இதன் அடிப்படை. குறைத்த கூலிக்கு ஈடாகத் தச்சர் தம் நேரத்தைத்தான் குறைக்க முடியும். கழுந்து வெட்டவேண்டிய இடத்தில் ஆணி அறையப்படும். புறநானூற்றில் அதியமான் நெடுமான் அஞ்சியின் வலிமையைப் பாடும் ஔவையார், ஒரே நாளில் எட்டுத் தேர் செய்யவல்ல தச்சர் ஒரு திங்கள் முழுதும் முயன்று செய்த ஒற்றைத் தேர்க்காலை உவமையாக்குகிறார். விரைவாகச் செய்யத் தெரிந்தவரே பொறுத்துச் செய்யும்போது பிறக்கும் உறுதி அது. அந்த ஒரு திங்களுக்குரிய ஊதியத்தை எவரோ தந்திருக்க வேண்டும் என்பதையும் உவமை சொல்லாமல் சொல்கிறது.

அதே புலவர் வேறொரு பாடலில், மழுவேந்திக் காட்டுக்குச் செல்லும் தச்சரின் கைவல்ல சிறுவர்க்கு எங்கும் மரம் கிடைப்பதுபோலப் புலவர்க்கு எத்திசைச் செல்லினும் சோறு கிடைக்கும் என்கிறார். இன்று தச்சரின் பிள்ளைகள் பலர் வேறு திசைகளில் வேலை தேடுகின்றனர். அதில் தவறில்லை. பிறப்பு ஒருவரைத் தொழிலில் கட்டிவைத்த காலம் போற்றத்தக்கதன்று. தொழிற்பயிற்சி நிலையங்களில் மரவேலை கற்க எக்குடியினரும் சேரலாம், பெண்களும் சேரலாம். ஆனால் நிலையத்தில் கற்றவர் கைதேர, மூத்த தச்சர் ஒருவருடன் சில ஆண்டுகள் வீடுவீடாகச் செல்ல வேண்டும். உளியைச் சரியாகத் தீட்டப் பழகவே பல வாரங்கள் ஆகும். அக்காலத்தில் அந்த உதவியாளருக்குத் தச்சர் தரும் படி, வீட்டார் பேசி முடிக்கும் கூலியிலிருந்தே வருகிறது. கணக்குத் தாளில் 'உதவியாளர்' என்று எழுதிய வரியைத்தான் வீட்டார் பெரும்பாலும் முதலில் அடிக்கின்றனர்.