தேயிலை தெளிவு, அம்மாயி மங்கல்

எங்கள் செட்டுக்குள் ஒரு சண்டை ஒரு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. கம்பஸ் லீவுக்குக் கந்தப்பளைக்கு வந்தாலும் அதே சண்டை, திரும்பிப் போகிற பஸ்ஸிலும் அதே சண்டை. எல்லோருமாகக் காசு போட்டு ஒரேயொரு ஸ்டாண்டர்ட் ஜூம் லென்ஸ் வாங்கப் போகிறோம். ஷார்ப்னஸைப் பார்த்து வாங்குவதா, ஓட்டோஃபோகஸைப் பார்த்து வாங்குவதா?

இப்போது எங்களில் பெரும்பான்மை ஓட்டோஃபோகஸ் பக்கம். ஏன் என்று சொல்கிறோம்.

எங்களில் ஒருத்தியின் அம்மாயி தோட்ட வேலையிலிருந்து நின்ற நாள் அது. கடைசித் தடவையாக மடுவத்தில் கொழுந்து நிறுத்துவிட்டு, வெறுங்கூடையோடு லயத்துக்கு வந்துகொண்டிருந்தாங்க. எங்கள் கையில் இரவல் கெமரா. அதில் ஒரு பழைய எஃப் 2.8 ஜூம், ஷார்ப்னஸுக்கு நல்ல பேர் வாங்கிய லென்ஸ். கம்பெனிப் பெயர் வேண்டாம். அம்மாயி நடக்க நடக்க எடுத்தோம். லென்ஸ் 'கிர்ர் கிர்ர்' என்று முன்னும் பின்னும் ஓடியது. "என்னா புள்ள, இன்னுமா எடுக்குற?" என்று சிரிச்சிட்டே எங்களைத் தாண்டிப் போயிட்டாங்க.

ராத்திரி லெப்டொப்பில் போட்டுப் பார்த்தோம். பின்னால் இருந்த தேயிலைச் செடியில் இலை விளிம்பின் பல்லைக்கூட எண்ணலாம். அம்மாயி முகம் மட்டும் புகை மாதிரி. அவங்களிடம் காட்டினபோது ஒரே வரியில் விமர்சனம் முடிந்தது: "தேயில நல்லா விழுந்திருக்கு."

என்ன நடந்தது என்று பிறகு கணக்குப் போட்டோம். சின்ன சென்சர் உள்ள கெமராவில் 50 மிமீ, எஃப் 2.8, மூன்று மீற்றர் தூரம் என்றால், தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 40 சென்ரிமீற்றர்தான். மெதுவாக நடக்கிற ஆளே ஒரு செக்கனில் ஒரு மீற்றர் வருவார். லென்ஸின் மோட்டர் அரைச் செக்கன் தடுமாறினால் போதும், ஆள் அந்த எல்லையைத் தாண்டியாச்சு.

மோட் பிழை என்று சிலர் சொன்னார்கள். அதில் பாதி உண்மை. அசையும் ஆளைத் தொடர்ந்து பின்தொடரும் மோடில் நாங்கள் வைக்கவில்லை. கெனனில் அதற்கு ஏஐ சேர்வோ என்று பெயர், நிக்கொனிலும் சோனியிலும் ஏஎஃப்-சி. அதனால் மோடை மாற்றிக்கொண்டு மாசியில் காமன் கூத்துக்குப் போனோம். ராத்திரி, டியூப்லைட் வெளிச்சம், தப்புச் சத்தத்துக்கு ரதியும் மன்மதனும் நிற்காமல் ஆடுகிறார்கள். அதே லென்ஸ், அதே கதை. பக்கத்தில் ஒரு தம்பி சாதாரண 18-55 கிட் லென்ஸோடு நின்றான். அவன் படங்களில் நொய்ஸ் அள்ளிக் கொட்டியிருந்தது. ஆனால் ரதியின் கண் தெரிந்தது.

ரிவியூக்களில் வரும் ஷார்ப்னஸ் சார்ட் பொய் இல்லை. ஆனால் அது எப்படி எடுக்கப்படுகிறது என்று யோசியுங்கள். கெமரா முக்காலியில், சார்ட் தட்டையாகச் சுவரில், ஃபோகஸைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்து எடுக்கிறார்கள். அதாவது ஃபோகஸ் சரியாக விழுந்த பிறகு லென்ஸ் எவ்வளவு நல்லது என்பதைத்தான் அது சொல்கிறது. விழுமா விழாதா என்பது அதில் கிடையாது. எங்கள் மலையிலோ பனிமூட்டம் இறங்கினால் கொன்ட்ராஸ்ட் போய்விடும். ஓட்டோஃபோகஸ் பிடித்துக்கொள்வதற்கே ஏதாவது ஒரு விளிம்பு வேண்டும். மூட்டத்தில் விலை கூடின லென்ஸும் குறைந்த லென்ஸும் ஷார்ப்னஸில் அண்ணன் தம்பி மாதிரித்தான் நிற்கும். ஃபோகஸில்தான் வித்தியாசம் தெரியும்.

படத்தைக் கடைசியில் எங்கே பார்க்கிறோம் என்பதும் இருக்கிறது. இன்ஸ்டாவில் 1080க்கு 1350 பிக்சல் என்றால் ஒன்றரை மெகாபிக்சல். ஏ4 தாளில் நன்றாகப் பிரிண்ட் போட்டாலும் ஒன்பது மெகாபிக்சல் தாண்டாது. மூலையில் இருக்கும் கொஞ்ச மென்மை இதில் காணாமல் போகும். தப்பிப்போன ஃபோகஸ் எந்த அளவிலும் மறையாது.

காசையும் பேசத்தான் வேண்டும். சிக்மா 18-50 மிமீ எஃப் 2.8 லென்ஸ் 2021இல் 549 டொலருக்கு வந்தது. மிரர்லெஸ் கெமராவுக்கானது, 300 கிராம்கூட இல்லை, ஷார்ப்னஸும் ஃபோகஸும் ஓரளவு சேர்ந்தே கிடைக்கிற லென்ஸ். ஒரு டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் 164,700 ரூபாய். 2024இல் தோட்டத் தொழிலாளருக்கு அறிவித்த அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய். வகுத்துப் பாருங்கள்: 122 நாள் கொழுந்து. அந்த 122 நாளையும் சார்ட்டில் மூலை கொஞ்சம் கூர்மை என்பதற்காகக் கொடுப்பதா?

இந்த மலைநாட்டில் ஃபோகஸ் பற்றின பேச்சு பழையது. ஃபோகஸ் மங்கல் என்று லண்டன் விமர்சகர்களிடம் திட்டு வாங்கிய ஜூலியா மார்கரட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்தார். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள். 1879இல் டிக்கோயாப் பக்கம் இறந்தார், கல்லறை பொகவந்தலாவையில். அவர் எடுத்த முகங்கள் மென்மையாக இருக்கும், ஆனால் பார்க்கிறவரின் கண் எங்கே போக வேண்டும் என்பதை அவரேதான் முடிவு செய்தார். எங்கள் லென்ஸ் எங்களைக் கேட்காமல் தேயிலையைத் தேர்ந்தெடுத்தது. நூறு வருஷத்துக்கு மேலாகத் தபாலட்டையிலும் தேயிலைப் பெட்டியிலும் நடந்ததும் இதுதானே? பச்சை மலை பளிச்சென்று இருக்கும். கூடையோடு நிற்கிறவரின் பெயர் இருக்காது. எங்கள் வீட்டு ஆட்களை நாங்களே எடுக்கும்போதாவது ஃபோகஸ் முகத்தில் விழட்டும் என்பதுதான் எங்கள் கட்சி.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் உண்டு. கெமரா பொடி மாறிக்கொண்டே இருக்கும், நல்ல கண்ணாடி பல வருஷம் நிற்கும் என்கிறார்கள். சரிதான். விடியற்காலை மலையையும் லயத்து வரிசையையும் முக்காலி வைத்து எடுக்கிறவர்களுக்கு ஷார்ப்னஸ்தான் முதல். அவர்கள் கையாலேயே ஃபோகஸ் பண்ணலாம். மலை எழுந்து நடக்காது. இன்னொன்று, எங்கள் தோல்வியில் லென்ஸ் மட்டும் குற்றவாளி இல்லை. பழைய டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் பார்க்கும் சென்சர் வேறு, படம் பதியும் சென்சர் வேறு. இரண்டுக்கும் சின்ன வித்தியாசம் இருந்தால் ஃபோகஸ் எப்போதும் கொஞ்சம் முன்னே அல்லது பின்னே விழும். மிரர்லெஸ்ஸில் அந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. ஆகவே லென்ஸை உங்கள் பொடியில் மாட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

செகண்ட்ஹேண்ட் வாங்கப் போகிறவர்களுக்கு எங்கள் சோதனை இரண்டே இரண்டு. ஒன்று, கூட வந்த ஆளை ஐந்து மீற்றரிலிருந்து உங்களை நோக்கி நடக்கச் சொல்லுங்கள். ஜூமை முழுக்க நீட்டி, அப்பேச்சரை முழுக்கத் திறந்து, தொடரும் மோடில் இருபது படம். இமை மயிர் தெளிவாக உள்ளவற்றை எண்ணுங்கள். பாதிக்கும் குறைந்தால் யோசியுங்கள். இரண்டு, சுவரில் ஒரு பேப்பரை விரித்து ஒட்டி நேராக நின்று எடுங்கள். நாலு மூலையும் ஒரே அளவு மங்கலாக இருந்தால் பரவாயில்லை. ஒரு பக்கம் மட்டும் மங்கினால் உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கலாம், வேண்டாம். எங்களைப் பொறுத்தவரை ஷார்ப்னஸுக்கு இந்த ஒரு சோதனை போதும்.

அம்மாயி இப்போது வாசலில் லீக்ஸ் பாத்தி போட்டிருக்காங்க. புது லென்ஸ் வந்ததும் அங்கே போய் எடுப்போம். கூடையோடு இறங்கி வந்த அந்தப் பின்னேரத்தை மட்டும் எந்த லென்ஸாலும் இனி எடுக்க முடியாது.