தேனீயைக் கேட்டுட்டு விதைங்கய்யா

"மரபணு மாற்றுப் பயிர் பூச்சியைத்தானே கொல்லுது, நல்லதுதானே?" மதுரையிலிருந்து வரும் நண்பர்கள் தவறாமல் கேட்பது. எந்தப் பூச்சியை என்று திருப்பிக் கேட்டால் பதில் இருக்காது.

பி.டி. பருத்திக்கு 2002-ல் அனுமதி கொடுத்தார்கள். ஒரு பாக்டீரியாவின் நச்சைச் செடியே தயாரிக்கும், தின்ற காய்ப்புழு சாகும். அந்த பாக்டீரியாவை 1901-ல் ஜப்பானில் முதலில் கண்டுபிடித்தது நோய் வந்த பட்டுப்புழுவில். காய்ப்புழு, பட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சியின் புழு எல்லாம் பங்காளி வகையறாதான்.

1999-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில், பி.டி. மக்காச்சோள மகரந்தம் தூவிய இலையை மொனார்க் வண்ணத்துப்பூச்சிப் புழுக்களுக்குக் கொடுத்தார்கள். நாலு நாளில் பாதிக்குக் கிட்ட செத்துப்போச்சு. பிறகு 2001-ல் வந்த வயல் ஆய்வுகள், பெரும்பாலான ரகங்களில் ஆபத்து மிகக் குறைவு என்றன. ஆனால் ஒரு ரகத்தின் மகரந்தம் நிஜமாகவே நஞ்சு என்றும் அதே ஆய்வுகள்தான் சொல்லின. அந்த ரகம் 1996-லிருந்தே வயலில் இருந்தது!

"பருத்தி மகரந்தம் கனமானது, காற்றில் பறக்காது; தேனீயை இந்த நச்சு கொல்வதாக ஆய்வுகள் காட்டவில்லை" என்பார்கள். சரி, ஒத்துக்கிறேன். என் சண்டை வேறு. முதலில் விதை, அப்புறம் சோதனை என்கிற வரிசையோடுதான் சண்டை.

2022 அக்டோபரில் மரபணு மாற்றுக் கடுகுக்கு மத்தியக் குழு பச்சைக்கொடி காட்டியது. இது பி.டி. இல்லை, வேறு மரபணு. ஆனால் தேனீக்கு என்ன ஆகும் என்பதை வெளியே விட்ட பிறகு, இரண்டு வருஷத்துக்குள் ஆராயணுமாம். தாலி கட்டிட்டுப் பொருத்தம் பார்க்கிற கதை. 2024 ஜூலையில் உச்சநீதிமன்ற நீதிபதிகள் இருவர் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள்.

"நீங்க அடிக்கிற மருந்தில் தேனீ சாகலையா?" சாகுது. ஆனால் தெளிப்பானை இறக்கி வைத்தால் மருந்து நிற்கும். செடிக்குள்ளேயே ஊறுவதை எப்படி நிறுத்துவது?

பி.டி. கத்தரியை 2010 பிப்ரவரியில் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்தி வைத்தார். கத்தரிப் பூவில் மகரந்தம் சின்னத் துளை வழியாகத்தான் வரும். உத்திரத்தைத் துளைக்கிற கருவண்டு பூவைப் பிடித்து ரீங்காரம் போட்டு உதிர்க்கும். அதையே தன் குஞ்சுக்கும் ஊட்டும். மறுபடி அனுமதி கேட்டு வருகிறவர்கள் திருமங்கலத்துக் கரிசலிலும் உசிலம்பட்டிப் பக்கமும், இந்தக் கருவண்டையும் நம்ம கொசுத்தேனீயையும் வைத்துச் சோதித்து, முடிவைத் தமிழில் போடட்டும். விதைப்பு அப்புறம்.

சாப்பிடுகிற நீங்களும் இதைக் கேளுங்க.