உப்பிட்டவர் யார்?

தேர்தலுக்கு முந்தின இரவு. தெருவிளக்கு அணைகிறது. ஓர் ஆள் கதவைத் தட்டுகிறான். தலைக்கு இவ்வளவு என்று நோட்டுகளை எண்ணி நீட்டுகிறான். கற்பூரம் ஏற்றி, சாமி படத்தின் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறான்.

மறுநாள் சாவடிக்குள் அவன் வருவதில்லை. ரகசிய வோட்டு, யாருக்குப் போட்டோம் என்று எவனுக்கும் தெரியப் போவதில்லை. ஆனாலும் கை அவன் சொன்ன சின்னத்துக்கே போகிறது. ஏன்?

"கை நீட்டி வாங்கிவிட்டோமே!" என்ற நெஞ்சுறுத்தல்தான்.

"ஏழைகள் வோட்டை விற்கிறார்கள்" என்று ஏளனம் பேசும் கனவான்களுக்கு ஒன்று சொல்வோம்: மனிதகுலம் பிழைத்ததே இந்த உணர்ச்சியால்தான்! சிறு கூட்டங்களாக வேட்டையாடித் திரிந்த லட்சக்கணக்கான ஆண்டுகளில், இன்று இறைச்சி கிடைத்தவன் கிடைக்காதவனுக்குப் பங்கு கொடுத்தான். நாளை அவன் திருப்பிக் கொடுத்தான். வாங்கிக்கொண்டு கொடாதவனைக் கூட்டம் ஒதுக்கியது. நன்றியும் குற்ற உணர்வும் மனித நெஞ்சில் வேர்விட்டது இப்படித்தான் என்று உயிரியல் அறிஞர் ராபர்ட் டிரிவர்ஸ் 1971ல் விளக்கினார்.

அதே ஆண்டு அமெரிக்க உளவியல் அறிஞர் டென்னிஸ் ரீகன் தமது சோதனையை வெளியிட்டார். கேளாமலே ஒரு குளிர்பானம் வாங்கிக் கொடுத்தவன், பிறகு பரிசுச் சீட்டு விற்க வந்தான். ஒன்றும் கொடாதவனிடம் வாங்கியதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு சீட்டுகள் அவனிடம் விற்றன. அவனைப் பிடிக்காதவர்கள்கூட வாங்கினார்கள்!

வேலைநிறுத்தக் காலத்தில் பக்கத்து மில் தொழிலாளி அனுப்பும் அரிசியிலும் இருப்பது இதே உணர்ச்சிதான். அதைத்தான் பணமூட்டைக்காரன் தூண்டிலில் மாட்டுகிறான். 2016ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017ல் ஆர்.கே. நகர், 2019ல் வேலூர். பணப் பட்டுவாடா அம்பலமாகி, தேர்தலையே ரத்து செய்ய நேர்ந்தது!

கணக்குப் பார்ப்போம். வோட்டுக்கு 2,000 ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஆண்டுகளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு ரூபாய் பத்துக் காசு. ஒரு டீக்குக் காணுமா?

அந்த உப்புதான் யாருடையது? தேர்தல் பத்திரங்கள் என்ற பெயரில் கம்பெனிகள் கட்சிகளுக்குப் பணத்தைக் கொட்டின. கைம்மாறாகச் சலுகை பெற இது வழி திறக்கும் என்பதையும் எடுத்துக்காட்டி, 2024 பிப்ரவரி 15ல் உச்ச நீதிமன்றம் அத்திட்டம் செல்லாது என்றது. முதலாளி போடுவது கோடி. கேட்பது சட்டம், நிலம், வரிச்சலுகை. நமக்கு விழுவது நாலு நோட்டு. நம்மிடம் கேட்பது ஐந்து ஆண்டு!

மில்லில் நூலாகவும் வயலில் நெல்லாகவும் நாம் படைத்த செல்வம்தான் சுற்றிவந்து நள்ளிரவில் நம் கதவைத் தட்டுகிறது. உப்பிட்டவர் நாம். கடன்பட்டவன் அவன்!

தோழர்களே! அந்தப் பணத்தை வாங்காதீர்கள். கொடுப்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம். ஏமாற்றி வாங்கிய சத்தியம் எவரையும் கட்டாது. நன்றி மறவாத நெஞ்சோடுதான் சாவடிக்குள் போங்கள். கூலி கேட்ட நாளில், கதவடைப்பு நாளில், நம் பக்கம் நின்றவன் யார் என்று அந்த நெஞ்சைக் கேளுங்கள். அவனுக்குச் செலுத்துங்கள் அந்தக் கடனை!