‘அடுத்த மாசம் காலி பண்ணுங்க!’ ஓனர் சொன்னதும் பெட்டி கட்ட வேண்டுமா?

“பையனுக்குக் கல்யாணம் வெச்சிருக்கோம் தம்பி. ஆடி பொறக்கறதுக்குள்ள வீட்டைக் காலி பண்ணிக் கொடுத்துடுங்க.”

மாடிப்படியில் நின்றபடியோ, வாட்ஸ்அப்பில் ஒரே வரியாகவோ இந்தச் சேதி வந்துவிடும். அன்றிலிருந்து குடியிருப்பவருக்குத் தூக்கம் போய்விடும். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், கேஸ் இணைப்பு, ஆதார் முகவரி, எல்லாவற்றுக்கும் மேலாக, கொடுத்த அட்வான்ஸ் முழுசாகத் திரும்பி வருமா என்ற கவலை. ஆடியில் வீடு மாற மாட்டார்கள் என்பதால் ஆனி மாதத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் வீடு தேடுவார்கள். கிடைத்த வீட்டை, கேட்ட வாடகைக்குப் பிடிக்க வேண்டியதுதான்.

இப்படி அவசரமாகக் காலி செய்யச் சொல்ல ஓனருக்கு உரிமை உண்டா? “பதினைந்து நாள் நோட்டீஸ் போதும்” என்பார் ஒருவர். “மூணு மாசம் டைம் கொடுத்தே ஆகணும்” என்பார் இன்னொருவர். இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது.

எத்தனை நாள் நோட்டீஸ்?

15 நாள் கணக்கு, 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் இருந்து வருகிறது. மாத வாடகைக்கு இருப்பவரை வெளியேறச் சொல்ல, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத பட்சத்தில், 15 நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்கிறது அதன் 106-வது பிரிவு. அது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். வாய்வார்த்தை நோட்டீஸ் ஆகாது. ஒப்பந்தத்தில் ‘இரண்டு மாத முன்னறிவிப்பு’ என்று இருந்தால் அந்த இரண்டு மாதம்தான் கணக்கு.

மூன்று மாதக் கணக்கு வாடகை உயர்வு தொடர்பானது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, வாடகையை ஏற்ற விரும்பும் உரிமையாளர் மூன்று மாதத்துக்கு முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும் என்கிறது தமிழ்நாட்டின் 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டம். வீட்டைக் காலி செய்வதோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இங்கே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. “பத்து நாள்தான் கொடுத்தார், அதனால் நோட்டீஸ் செல்லாது” என்ற வாதம் இன்று பெரிதாக எடுபடாது. உரிய கெடு கழிந்த பிறகுதான் வழக்கு போடப்பட்டிருக்கிறது என்றால், நோட்டீஸில் நாள் குறைந்ததை மட்டும் குறையாகச் சொல்ல முடியாது என்று 106-வது பிரிவு 2002-ல் திருத்தப்பட்டுவிட்டது. வாடகைச் சட்டத்தின் கீழ் வெளியேற்ற மனு போட, 106-வது பிரிவு நோட்டீஸே தேவையில்லை என்று தமிழ்நாட்டில் இருந்து போன தனபால் செட்டியார் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 1979-லேயே சொல்லிவிட்டது. ஆகவே, நோட்டீஸில் நாள் குறைவு என்பதை மட்டும் நம்பி உட்கார்ந்திருப்பது ஆபத்து.

அப்படியென்றால் பாதுகாப்பு எங்கே?

நோட்டீஸ் வந்துவிட்டதாலேயே யாரையும் வீட்டை விட்டு இறக்கிவிட முடியாது. நகர்ப்புறங்களுக்கான 2017-ம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வெளியேற்றும் உத்தரவை வாடகை நீதிமன்றம்தான் போட முடியும். அதற்கும் சட்டம் பட்டியலிட்ட காரணம் வேண்டும். இரண்டு மாத வாடகை பாக்கி, அனுமதி இல்லாமல் உள்வாடகைக்கு விடுவது, வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது, காலி செய்தால் மட்டுமே செய்ய முடிகிற பழுது அல்லது கட்டுமான வேலை, உரிமையாளரின் சொந்தத் தேவை ஆகியவை அவற்றில் முக்கியமானவை. பையன் கல்யாணம் உண்மையான தேவையாகவே இருக்கலாம். ஆனால் அதை ஓனர் நீதிமன்றத்தில் காட்ட வேண்டும்.

பூட்டை மாற்றுவது, சாமான்களைத் தெருவில் வைப்பது எதற்கும் சட்டத்தில் இடம் கிடையாது. குடியிருப்பில் இருப்பவரைச் சட்டத்தின் வழியில் அல்லாமல் வெளியேற்றக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 1989-ல் கிருஷ்ண ராம் மஹாலே வழக்கில் உறுதி செய்திருக்கிறது. அப்படி வெளியேற்றப்பட்டவர், ஆறு மாதத்துக்குள் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போய் வீட்டைத் திரும்பக் கேட்கலாம். தண்ணீர், மின்சாரத்தை நிறுத்தினால், உடனே திரும்பத் தரச் சொல்லி வாடகை அதிகாரி இடைக்கால உத்தரவு போடலாம்.

கையில் நோட்டீஸ் வந்தால்...

பதில் எழுதுங்கள். எத்தனை வருடமாகக் குடியிருக்கிறீர்கள், வாடகை எவ்வளவு, எந்த மாதம் வரை கட்டியாகிவிட்டது, அட்வான்ஸ் எவ்வளவு, எத்தனை நாள் அவகாசம் வேண்டும் என்று நாலு வரி போதும். ஒப்புகையோடு தபாலில் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். வேண்டிய தேதியைச் சொல்லி மரியாதையாகக் கேட்டால், பாதிப் பிரச்சினைகள் அங்கேயே முடிந்துவிடும்.

வாடகையை மட்டும் நிறுத்தவே கூடாது. “அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க” என்று கோபத்தில் சொல்லிவிட்டுக் கட்டாமல் இருப்பவர்கள் நிறையப் பேர். இரண்டு மாதம் அப்படிப் போனால், அதுவரை காரணமே இல்லாமல் இருந்த ஓனருக்கு நீங்களே ஒரு காரணத்தைக் கொடுத்துவிடுகிறீர்கள். ரொக்கமாக வாங்க மறுத்தால் வங்கி வழியாக அனுப்புங்கள். தொடர்ந்து மறுத்தால் வாடகை அதிகாரியிடம் கட்டச் சட்டத்தில் வழி இருக்கிறது.

பூட்டு, மிரட்டல் என்று போனால் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். “இது சிவில் மேட்டர்” என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். அத்துமீறி நுழைந்ததும் மிரட்டியதும் சிவில் மேட்டர் இல்லை. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100.

அரசு செய்ய வேண்டியது

இவ்வளவும் யாருக்குக் கைகொடுக்கும்? ஒப்பந்தம் வைத்திருப்பவருக்கு. ஒவ்வொரு வாடகைக்கும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டு 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது 2017 சட்டம். 11 மாதம் என்று எழுதி அலமாரியில் வைத்துவிட்டால் போதாது. பதியாத ஒப்பந்தத்தைச் சான்றாக ஏற்க சட்டமே தடை வைத்திருக்கிறது. ஒப்பந்தம் ஏற்படவில்லை என்பதையே வெளியேற்றக் காரணமாகச் சொல்லவும் அதில் இடம் உண்டு.

லைன் வீட்டில் ஒற்றை அறையில் இருக்கும் குடும்பத்துக்கு எந்த ஓனர் ஒப்பந்தம் எழுதித் தருகிறார்? கேட்டால், “இஷ்டம்னா இருங்க, இல்லேன்னா வேற பாருங்க” என்பதுதான் பதில். பாதுகாப்பு அதிகம் தேவைப்படுகிறவர்களைச் சட்டம் இப்படி வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. அட்வான்ஸ் விஷயத்திலும் இதே கதைதான். மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது, ஆனால் ‘ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இருந்தால் தவிர’ என்று எழுதிவிட்டார்கள். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் இன்னும் சர்வ சாதாரணம்.

ஓனர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. வாடகை வருமானத்தை நம்பி வாழும் முதியவர்கள் இருக்கிறார்கள். ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் நகர மறுப்பவர்களால் கோர்ட்டுக்கு அலைந்தவர்கள் இருக்கிறார்கள். பதிவு செய்த ஒப்பந்தம் அவர்களுக்கும்தான் பாதுகாப்பு.

எனவே அரசு முதலில் செய்ய வேண்டியது, பதிவை எளிதாக்குவது. துணை ஆட்சியர் நிலையில் உள்ள வாடகை அதிகாரி யார், அலுவலகம் எங்கே என்பது ஒவ்வொரு வார்டு மக்களுக்கும் தெரிய வேண்டும். இ-சேவை மையத்திலேயே ஒப்பந்தத்தைப் பதிய ஏற்பாடு வேண்டும். ஓனர் கையெழுத்துப் போட மறுத்தால், வாடகை கட்டிய ஆதாரத்தோடு குடியிருப்பவர் மட்டும் விண்ணப்பித்தாலும் பதியும்படி விதி மாற வேண்டும். ஒப்பந்தம் இல்லை என்பதற்காகவே ஒரு குடும்பத்தை வெளியேற்றலாம் என்ற நிலை, ஒப்பந்தம் எழுத மறுத்த ஓனருக்கே பரிசு கொடுப்பது போலாகும். அதை முதலில் திருத்துங்கள்.